விழுந்த குஞ்சை எடுத்துத்தான் வைத்தோம்

குருவி ரத்தம் எடுத்தவள் என்று ஆழ்வார்குறிச்சிப் பக்கம் என்னைச் சொல்வார்கள். ஆமாம், எடுத்தேன். கண்ணும் விரலும் சொன்னபடி கேட்ட வரைக்கும் எடுத்தேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை, வெட்கப்படவும் ஒன்றும் இல்லை.

போன மாதம் என்னை வேலையிலிருந்து அனுப்பிவைத்தார்கள். பொன்னாடை போட்டு, சுவரில் மாட்டுகிற கடிகாரம் ஒன்றும் கொடுத்து, இசக்கியம்மா ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். நானும் ஆசையாக ஆரம்பித்தேன். பேச்சு இன்னும் என் கல்யாணத்தையே தாண்டவில்லை, அதற்குள் வடை ஆறுகிறது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். வடை ஆறினால் என்ன கெட்டுப்போகும்? ஆறின வடையை நான் தின்றதே இல்லையா?

அது போகட்டும். இப்போது வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் ஊசி இல்லாமலே வேலை பார்க்கப் போகிறார்களாம். கூட்டில் உதிர்ந்து கிடக்கும் இறகு ஒன்று போதுமாம், அதிலேயே எல்லாம் தெரிந்துவிடுமாம். நல்ல காரியம், குருவிக்கு வலிக்காது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, வடை தின்றுகொண்டே, அந்தக் காலத்தில் நீங்கள் குஞ்சுகளைக் கூடு மாற்றி வைத்துக் கணக்கைக் கெடுத்துவிட்டீர்களாமே என்று என்னைக் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பதில் இது. எனக்கு எழுத்து தெரியாது. மாஞ்சோலையிலிருந்து குடும்பத்தோடு கீழே இறங்கி வந்து எங்களோடு வேலைக்குச் சேர்ந்த செல்வி, நான் சொல்வதை எழுத்துத் தமிழாக்கி எழுதித் தருகிறாள்.

முதலில் நான் பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அதுதான் வேலை. மடியில் சொளவு என்கிற முறம், அதில் இலையும் தூளும் நூலும். வாய் ஒரு பக்கம் போகும், விரல் ஒரு பக்கம் போகும். ஒரு நாள் குணசீலன் சார் தெருவுக்குள் வந்தார். பாளையங்கோட்டைக்காரர். கல்லூரியில் பாடம் நடத்தியவர், குருவி ஆராய்ச்சிக்கு இந்தப் பக்கத்துப் பொறுப்பாளராக வந்திருந்தார். யார் வீட்டில் குருவி கூடு கட்டுகிறது என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். எங்கள் தெருவில் குருவி இல்லாத வீடு எது? அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வாசலிலும் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவோம், அதுகள் தின்றுவிட்டு எங்கள் ஓட்டுக்குள்ளேயே குடியிருக்கும். சார் அதைக் கேட்டுக்கொண்டே என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பீடிக்கு நூல் சுற்றி நான் முடிச்சுப் போட்டு முடிக்கிற வரைக்கும் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் போய், உங்கள் வீட்டம்மாவின் விரல் எனக்கு வேலைக்கு வேண்டும் என்று கேட்டாராம். அந்த மனுஷன் பயந்துவிட்டார்.

சார் மாதிரி ஒரு மேலதிகாரியை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு மேலதிகாரிதான் எனக்கு, அது வேறு விஷயம். சத்தமே போடமாட்டார். கோபம் வந்தால் கைக்குட்டையை எடுத்து விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, திரும்பவும் பைக்குள் வைப்பார். கைக்குட்டை வெளியே வந்தால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுவார், எங்களையும் கழுவவைப்பார். ஊசியை எடுப்பதற்கு முன்னால் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம். என்ன ஜெபிப்பீர்கள் சார் என்று கேட்டேன். "கை நடுங்கக் கூடாதுன்னுதான் இசக்கி, வேற என்ன" என்றார். நான் என் பங்குக்கு எங்கள் சாமி சுடலையை நினைத்துக்கொள்வேன். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொண்டதில்தான் என்னவோ, என் கையில் செத்த குருவி மிகவும் குறைவு. செத்ததே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

பழகின காலத்தை நீட்டிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. கொஞ்ச நாள் குருவியையே கொடுக்கவில்லை. பச்சைக் கோழிமுட்டையைக் குருவி பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி இறங்கச் சொன்னார். உடைந்த முட்டையெல்லாம் எங்கள் வீட்டில் பொரியலாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அந்த நாட்கள்தான் பிடித்திருந்தன.

எதற்கு ரத்தம் என்று தெரியாமல் நான் ஊசி பிடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சார் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சொன்னார். எனக்குப் புரிந்த விதம் இது.

ஒவ்வொரு குருவிக்குள்ளும் இரண்டு சரம் இருக்கிறது. அதன் அம்மா கொடுத்தது ஒன்று, மல்லிகைச் சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கொடுத்தது இன்னொன்று, அது கனகாம்பரம். அந்தக் குருவி தானே முட்டையிடும்போது, தன் பங்காக முட்டைக்குள் ஒரு சரம்தான் வைக்கலாம். மல்லிகையை அப்படியே வைக்காது, கனகாம்பரத்தையும் அப்படியே வைக்காது. இரண்டையும் அங்கங்கே அறுத்து, இதன் துண்டை அதோடு முடிச்சுப் போட்டு, கதம்பமாக்கி வைக்கும். இன்னொரு சரம் சேவல் பங்கு. அதனால்தான் ஒரே கூட்டுக் குஞ்சுகள் ஒன்றுபோல ஒன்று இருப்பதில்லை. எத்தனை முடிச்சு விழுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. எல்லாக் குருவியும் ஒரே அளவில் போடுகிறதா? அம்மா நிறையப் போட்டால் மகளும் நிறையப் போடுமா? கால்வாய்த் தண்ணீரில் வாழ்கிற எங்கள் ஊர்க் குருவியும், பனையும் காற்றுமாகக் காய்ந்து கிடக்கிற ராதாபுரத்துக் குருவியும் தலைமுறை போகப்போக இதில் வேறுவேறாக மாறுமா? இதைத்தான் இரண்டு இடத்திலும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முடிச்சு எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்க, பிள்ளையின் ரத்தம் மட்டும் போதாது. அம்மா, அப்பா இரண்டு பேர் ரத்தமும் வேண்டும். எந்தத் துண்டு மல்லிகை, எந்தத் துண்டு கனகாம்பரம் என்று தெரிய, பாட்டி தாத்தா ரத்தமும் வேண்டும். மூன்று தலைமுறை. நடுவில் ஒன்றைப் பூனை தின்றுவிட்டால் அந்தக் குடும்பம் முடிந்தது. எங்கள் பக்கம் பூனைக்கு என்ன குறைச்சல்?

வேலை இப்படித்தான். விடிந்ததும் ஏணியைப் பைய, சத்தமில்லாமல் சுவரில் சாய்க்க வேண்டும். குருவி கூடு கட்ட நாங்கள் மாட்டிய மரப்பெட்டியின் வாசலைத் துணி வைத்து அடைத்துவிட்டு, மேல் பலகையைத் தூக்கிக் கையை விட வேண்டும். குஞ்சுகள் வெதுவெதுப்பாக, ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். துணிப்பையில் போட்டு இறக்கி, நிழலில் உட்கார்ந்து, முதலில் எடை, பிறகு காலில் வளையம். பெரிய குருவிக்கு வண்ண வளையம், தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய. எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். நான் நிறத்தைச் சொல்ல, சார் எழுதுவார். அடுத்தது ரத்தம். குஞ்சை மல்லாத்தி, இறக்கையை விரித்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கத்துப் பூமுடியைத் தள்ளினால், முட்டிப் பக்கம் பீடி நூல் மாதிரி நீலமாக ஒரு நரம்பு தெரியும். ஊசி நுனி தொட்டால் போதும், குத்தக் கூடாது. கடுகளவு ரத்தம் முத்தாக நிற்கும். மெல்லிய கண்ணாடிக் குழாயை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் குழாய் தானே உறிஞ்சிக்கொள்ளும். அதை ஸ்பிரிட் இருக்கிற சின்னப் புட்டியில் இறக்கி மூடி, குத்தின இடத்தில் பஞ்சை வைத்து விரலால் அழுத்தியபடியே இருக்க வேண்டும். அந்த நேரம் சார் என் பக்கம் குனிந்து, "நின்னுட்டா?" என்று கேட்பார். ரத்தம் நின்றுவிட்டது என்று நான் சொன்ன பிறகுதான் அடுத்த குஞ்சு.

தெருவில் பேச்சுக்குக் குறைவில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா பொன்னுத்தாய் மைனிதான் தலைவி. நான் ஏணியோடு வந்தால் போதும், "ஏளா ரத்தக்காட்டேரி, இன்னைக்கு யாருக்குளா ஊசி?" என்பாள். அவள் வீட்டுச் சுவரில் இரண்டு பெட்டி மாட்ட இடம் கொடுத்ததும் அவள்தான். மழையில் பெட்டி நனையாமல் மேலே தகரம் அடிக்கவைத்ததும் அவள்தான். வாய்க்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லாத பிறவி.

எங்கள் தெருவில் குருவி கூடு கட்டினால், வீட்டுப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த கணக்கு. குஞ்சு பறக்கிற வரைக்கும் அந்தச் சுவரில் ஆணி அடிக்கமாட்டார்கள், வெள்ளை அடிக்கமாட்டார்கள், உரலைக்கூடத் தள்ளிப் போட்டு இடிப்பார்கள். குஞ்சு கீழே விழுந்தால் யார் கண்ணில் படுகிறதோ அவர்கள் எடுத்துக் கூட்டில் வைக்க வேண்டும். தாய்வீட்டில் பிறந்த பிள்ளையைத் தரையில் கிடக்கவிட்டால் அந்த வீட்டுக்கு என்ன மரியாதை? இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. என் மாமியாரும் வைத்தாள், நானும் வைத்தேன்.

மைனி வீட்டு இரண்டு பெட்டியில் ஒன்றில் இருந்த பெட்டைக்கு நீல வளையமும் அதன் கீழே மஞ்சள் வளையமும். நீலமஞ்சள் என்றே கூப்பிடுவோம். பக்கத்துப் பெட்டியில் அதன் உடன்பிறந்த தங்கை, அதற்குச் சிவப்பு வளையம். நீலமஞ்சளின் அம்மா அப்பா ரத்தம் எங்களிடம் இருந்தது, அதன் ரத்தமும் அதன் சேவலின் ரத்தமும் இருந்தன, அதன் குஞ்சுகளின் ரத்தமும் எடுத்து அனுப்பிவிட்டோம். எங்கள் பக்கத்தில் மூன்று தலைமுறையும் அறுந்துபோகாமல் கிடைத்தது அந்த ஒரு குடும்பம்தான். சிவப்புக்காரியின் ஜோடிச் சேவல் வலைக்கு அகப்படவே இல்லை, அதனால் அந்தக் கூடு பாதியில் நின்றது.

பெங்களூரிலிருந்து பதில் வந்த அன்று சாரின் கைக்குட்டை வெளியே வந்துவிட்டது. ஆராய்ச்சிக்குத் தலைமை நந்தினி மேடம். அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தது இதுதான்: நீலமஞ்சளின் குஞ்சுகளில் முடிச்சு அளவுக்கு மீறி இருக்கிறது. ராதாபுரத்தில் எந்தக் குடும்பத்திலும் இப்படி இல்லை. ஒன்று, அந்தப் பெட்டை உண்மையிலேயே அப்படி. இல்லாவிட்டால், பக்கத்துக் கூட்டுக் குஞ்சு இந்தக் கூட்டுக்கு வந்திருக்கிறது. அக்கா தங்கை பிள்ளைகள் ரத்தம் ஏறக்குறைய ஒத்துப்போகும், அப்போது இருந்த சோதனையில் பிரித்துச் சொல்ல முடியாது. தங்கை பிள்ளையை அக்கா கணக்கில் வைத்துப் பார்த்தால் இல்லாத முடிச்செல்லாம் இருக்கிற மாதிரித் தெரியும். சந்தேகம் இருப்பதால் இந்தக் குடும்பத்தை நீக்குகிறோம். இந்தக் குடும்பம் போனால் ஆழ்வார்குறிச்சியில் வேறு முழுக் குடும்பம் இல்லை. ஆகையால் அங்கே மூடிவிட்டு, ராதாபுரத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சார் படித்துக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். தெருவில் குஞ்சுகளை எடுத்து வைக்கிற வழக்கம் அவருக்குத் தெரியும். வளையம் போடுகிற வயசுக்கு முன்னால் விழுந்த குஞ்சு எந்தக் கூட்டுக்குப் போனது என்று யாருக்குத் தெரியும்? கேட்காமல் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

நான் சொன்னேன்: "மூடட்டும் சார். ஆனா அந்தப் பொட்டை பொய்யின்னு சொல்லி மூடக் கூடாது. அது அடுத்த ஈடு முட்டை வைக்கும்லா, அந்த மேடமே வந்து பக்கத்துல இருந்து பாக்கட்டும்."

சார் போனில் அதையேதான் சொன்னார், என்னைவிட மரியாதையாக. மேடம் சம்மதித்தார்கள். அடுத்த ஈட்டுக் குஞ்சுகள் பொரித்ததும் நேரில் வருவதாகவும், அதுவரைக்கும் இரண்டு பெட்டியையும் யாரும் தொடக் கூடாது என்றும், விழுந்த குஞ்சை யாரும் எடுக்கக் கூடாது என்று தெருவுக்கு நான் சொல்லிவைக்க வேண்டும் என்றும் நிபந்தனை. முதல் இரண்டும் சரி. மூன்றாவதை நான் சொல்லவில்லை. சொல்ல மறந்தேன் என்று கதை கட்டமாட்டேன். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மேடம் வந்தார்கள். மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவர்கள், ஒல்லியாக, வெயிலில் முகம் சிவந்துபோய் இருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மைனி வீட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொறுமையாக இரண்டு பெட்டியையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மைனி சொதி வைத்து அனுப்பினாள். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டார்கள். தெருப் பெண்களுக்குப் பிடித்துப்போனது. தெருவுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை மேடம் என்றேன். ஏன் என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை என்றேன். சாரைப் பார்த்தார்கள். சார் பெட்டியைப் பார்த்தார்.

வளையம் போடுகிற வயசு வர இன்னும் சில நாள் இருந்தது. ஒரு காலையில், வெயில் ஏறிவரும் நேரம், தொப்பென்று ஒரு சத்தம். இரண்டு பெட்டிக்கும் நடுவில், சுவர் ஓரத்தில், ஒரு குஞ்சு கிடந்தது. உடம்பில் முடியே சரியாக முளைக்கவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. எந்தப் பெட்டியிலிருந்து விழுந்தது என்று, குனிந்து எழுதிக்கொண்டிருந்த மேடம் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பூனை திண்டில் படுத்திருந்தது எழுந்து உட்கார்ந்தது.

பீடிச் சொளவுகளைக் கீழே வைத்துவிட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். மேடம் நாற்காலியை விட்டு எழுந்து குறுக்கே நின்றார்கள்.

"தொடாதீங்க. எந்தக் கூடுன்னு தெரியாம எதுலயும் வைக்க முடியாது. அது அப்படியே இருக்கட்டும். இது இயற்கையா நடக்கறதுதான்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்தது என்று தெரியவில்லை. "இதுல எது மேடம் இயற்கை? சுவத்துல ஆணி அடிச்சுப் பொட்டி மாட்டுனது நாம. வாசல் இம்புட்டு அகலம் போதும்னு அளந்து வெட்டுனதும் நாம. விழுந்த பொறவு மட்டும் இயற்கைங்கிய."

"பேசுங்க, நல்லா பேசுங்க" என்றாள் மைனி. "பூனைக்கு ஒண்ணும் அவசரம் இல்லை."

மேடம் குரலைத் தாழ்த்தினார்கள். "இசக்கியம்மா, நல்லா கேட்டுக்குங்க. நீங்க இதை நீலமஞ்சள் கூட்டுல வச்சா இந்த ஈடும் சந்தேகத்துல போயிடும். இந்தப் பக்கத்தை மூடறதைத் தவிர எனக்கு வழியில்லை. உங்க வேலையையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவர்கள் சொன்னது மிரட்டல் இல்லை. உள்ளதைச் சொன்னார்கள். எத்தனை வருஷத்து வேலை அது. எனக்கும் அந்தக் குடும்பம் நிலைக்க வேண்டும் என்றுதான் ஆசை, அவர்களை வரச் சொன்னதே நான்தானே. சம்பளமும் பீடியில் வருவதைப்போல இரண்டு பங்கு. எல்லாம் மனசில் ஓடத்தான் செய்தது. குஞ்சு வாயைத் திறந்தது.

"மூடுங்க மேடம்" என்றேன். "எனக்குப் பீடி இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

குனிந்து எடுத்துவிட்டேன். கையில் சூடே தெரியவில்லை, தரையின் குளிர்ச்சி ஏறியிருந்தது. இரண்டு கையையும் குவித்து வாயால் ஊதினேன். நிமிர்ந்து பார்த்தால், குணசீலன் சார் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மேடத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஏணியின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைக்குட்டையை எடுக்கவே இல்லை.

மேடம் என்னைப் பார்த்தார்கள், ஏணியைப் பார்த்தார்கள். பிறகு, "இருங்க" என்றார்கள். "யார்கிட்டயாவது நகப்பாலிஷ் இருக்கா?"

இது என்ன நேரங்காலம் தெரியாத கேள்வி என்று மைனி முணுமுணுத்தாள். ஆனாலும் அவள் மருமகள் உள்ளே ஓடி ஒரு ரோஸ் நிறப் புட்டியைக் கொண்டுவந்தாள். வளையம் போட முடியாத சின்னக் குஞ்சுகளுக்கு நகத்தில் அடையாளம் வைக்கிற பழக்கம் வேறு ஊர்களில் உண்டாம், மேடம் சொன்னார்கள். நான் காலைப் பிடித்துக் கொடுத்தேன், அவர்களே அந்தத் துளியூண்டு நகத்தில் பூசினார்கள். கல்யாணப் பெண்ணுக்குப் பூசுகிற மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு பூசினார்கள்.

"எதுல வைக்கப் போறீங்க?"

"தெரியலை மேடம். எனக்கும் எந்தக் கூடுன்னு தெரியாது. எங்கன வச்சாலும் இரை கெடச்சாப் போதும்."

"அப்ப தங்கச்சி கூட்டுல வைங்க. நீலமஞ்சள் கூட்டை நாம தொட்டதா இருக்கக் கூடாது. ரத்தம் எடுக்கற அன்னிக்கு இதுக்கும் தனியா எடுத்துடலாம்."

சார் பிடித்த ஏணியில் ஏறி, சிவப்புக்காரி கூட்டில் வைத்தேன். இறங்கி ஏணியை எடுத்த கொஞ்ச நேரத்தில் சிவப்புக்காரி வாயில் புழுவோடு உள்ளே போனாள். தெருப் பெண்கள் சொளவை எடுத்துக்கொண்டு அவரவர் வாசலுக்குப் போனார்கள். பூனையும் படுத்துக்கொண்டது.

ரத்தம் எடுத்தோம், மேடமே கையோடு கொண்டுபோனார்கள். இந்தத் தடவை வேறு பெரிய சோதனை, அக்கா பிள்ளை தங்கை பிள்ளை எல்லாவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுமாம். அதன் பிறகு மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. நான் மூடிவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு, பீடி ஏஜெண்டிடம் திரும்பவும் இலை கேட்டுவைத்தேன். மைனிகூட அந்த நாட்களில் என்னைக் காட்டேரி என்று கூப்பிடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

பதில் வந்தபோது மேடமே நேரில் வந்து, மைனி வீட்டில் உட்கார்ந்து சொன்னார்கள். இரண்டாவது ஈட்டிலும் அதே மாதிரி நிறைய முடிச்சு. நீலமஞ்சள் உண்மையிலேயே அப்படிப்பட்ட பெட்டைதான். நகப்பாலிஷ் குஞ்சும் அதன் பிள்ளைதான், சித்தி வீட்டில் வளர்ந்திருக்கிறது; அதையும் நீலமஞ்சள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். குடும்பம் நிலைத்தது, எங்கள் பக்கம் மூடப்படவில்லை. அம்மாவைப்போல மகள்களும் நிறையப் போடுமா, ராதாபுரத்துக்கும் நமக்கும் வித்தியாசம் உண்டா என்பதெல்லாம் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்குத் தலைமுறைகள் வேண்டும். இனிமேல் எங்கே குஞ்சு விழுந்தாலும் எடுத்து, நகத்தில் பூசி, கூட்டில் வைக்கலாம் என்று இரண்டு ஊருக்கும் சொல்லிவிட்டார்கள்.

நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்கள். இன்னும் ஒன்று இருக்கிறது என்றார்கள். முதல் ஈட்டின் பழைய ரத்தத்தையும் புதுச் சோதனையில் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒரு குஞ்சு நீலமஞ்சளின் பிள்ளை இல்லை. தங்கை பிள்ளை. ஆக அவர்கள் சந்தேகப்பட்டதும் பொய் இல்லை. அந்த ஒரு குஞ்சை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். யார் எடுத்து வைத்தது, ஒன்றுதானா இன்னும் உண்டா என்று தெரிந்தால் நல்லது என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை.

"நாந்தான் வச்சேன்" என்றாள் மைனி.

மைனிக்கு முட்டுவலி. ஏணியின் முதல் படியில்கூட அவள் ஏறி நான் பார்த்ததில்லை.

அடுத்த வீட்டு வாசலிலிருந்து, அவள் இல்லை, நான்தான் என்று ஒரு குரல். அதற்கடுத்த வீட்டுக்காரி, இரண்டு பேரும் புளுகுகிறார்கள், அன்றைக்கு அவர்கள் ஊரிலேயே இல்லை, எடுத்து வைத்தது நான் என்றாள். மைனியின் மருமகள் அந்த ஈடு நடந்தபோது இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டே வரவில்லை, அவளும் நான்தான் என்று கையைத் தூக்கினாள். மேடம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார்கள்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"சொல்ல மாட்டீங்க."

"மாட்டேன்."

சிரித்துவிட்டார்கள். சார் திரும்பி நின்றுகொண்டார், முதுகு குலுங்கியது.

குஞ்சை மாற்றி வைத்துக் கணக்கைக் கெடுத்தீர்களாமே என்று கேட்ட பிள்ளைக்குச் சொல்கிறேன். ஒரு குஞ்சு. மாற்றி வைத்தோம் என்பது தப்பு, விழுந்ததை எடுத்து வைத்தோம், கூடுதான் மாறிப்போனது. கணக்கிலிருந்து அதை எடுத்தார்கள், எடுக்கட்டும், அது அவர்கள் வேலை. அந்தக் குஞ்சு சேராத வீட்டில் பெரியம்மா கையால் தின்று கொழுத்து, என் கண் முன்னால் பெட்டி வாசலில் வந்து நின்று, ஒரு தடவை குதித்துப் பார்த்துவிட்டு, வாய்க்கால் பக்கம் பறந்து போனது. எடுத்து வைத்தது யார் என்று மட்டும் கேட்காதே. நான்தான்.